மின்கம்பி இல்லாத இடத்தில், மைனஸ் 25 பாகைக் குளிரில் ஒரு பசுமைக்குடில்: கிழக்கு ஒன்ராறியோவில் கட்ட விரும்புவோருக்கு

ஒட்டாவாவிலிருந்து காரில் ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கும் எங்கள் காணியில், 12 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்ட பசுமைக்குடில் ஒன்று நிற்கிறது. வீட்டிலிருந்து அது 90 மீட்டர் தள்ளி இருப்பதால், அகழி வெட்டி மின்கம்பி கொண்டுபோகக் கேட்ட விலை, குடிலைக் கட்டும் செலவில் பாதியைத் தொட்டது. ஆகவே அங்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் இரண்டு சூரியத் தகடுகளிலிருந்தே எடுக்கிறோம். ஜனவரியில் வெளியே மைனஸ் 25 பாகை காட்டும் காலைகளிலும் உள்ளே ஸ்பினாச்சும் கடுகுக்கீரையும் கொத்தமல்லியும் உயிரோடு நிற்கின்றன.

ஒரு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய இந்த வேலை எங்களுக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் எடுத்தது. அனுமதி வருமுன் தோண்டினோம், தகடுகளிலிருந்து பற்றரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் கொன்ட்ரோலர் ஒன்றைக் குளிரில் எரியவிட்டோம், ஒளி புகும் பிளாஸ்டிக்கான பொலிகார்பனேட் தாள்களை இறுக்கிப் பூட்டி வெடிக்க வைத்தோம், நவம்பரில் விதைத்தோம். இவை ஒவ்வொன்றும் முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள ஒழுங்கிலேயே வேலைகளைச் செய்யுங்கள். ஒழுங்கை மாற்றியதுதான் எங்கள் இழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம்.

1. தகடு வாங்குமுன் வெப்பக் கணக்கைப் போடுங்கள்

சூரியத் தகடு இருந்தால் மின்சூடாக்கி ஒன்றை வைத்துக் குடிலைச் சூடாக வைத்திருக்கலாம் என்று நினைத்து வருபவர்களே அதிகம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை.

எங்கள் குடிலில் ஒளி புகும் பரப்பு ஏறக்குறைய 22 சதுர மீட்டர். 16 மில்லிமீட்டர் தடிப்புள்ள மூன்றடுக்குப் பொலிகார்பனேட், ஒரு சதுர மீட்டர் பரப்பினூடாக, ஒரு பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 2.3 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. வெளியே மைனஸ் 25, உள்ளே 5 என்றால் வித்தியாசம் 30 பாகை. பெருக்கினால் 1,500 வாட் வருகிறது. சுவர், தரை, இடுக்குகளால் போகும் காற்று எல்லாவற்றையும் சேர்த்தால் 2,000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் இரவு 15 மணிநேரம். ஆக, ஒரே இரவுக்கு 30 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். ஆனால் ஒரு கிலோவாட் தகடு, டிசம்பர் மாதத்தில், நாளொன்றுக்கு 2 யூனிட்டுக்கு மேல் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதாவது 15 கிலோவாட் தகடுகளும் அந்த 30 யூனிட்டையும் தேக்கி வைக்கும் பற்றரிகளும் தேவைப்படும்; அந்தப் பணத்தில் கீரையைக் காலம் முழுவதும் கடையிலேயே வாங்கிவிடலாம்.

வெப்பத்தைத் தேக்கத் தண்ணீர் போதும். எங்கள் குடிலின் வடக்குச் சுவரோரம் 18 பீப்பாய்களில் ஏறக்குறைய 3,200 லீட்டர் தண்ணீர் நிற்கிறது. அது 5 பாகை குளிரும்போது ஏறக்குறைய 19 யூனிட் வெப்பத்தைக் குடிலுக்குள் விடுகிறது. பழைய பீப்பாய்களாக வாங்கியதால் அத்தனைக்கும் சேர்த்து 450 டொலர்தான் செலவானது. எங்கள் பற்றரியின் விலை 900 டொலர். அது தேக்குவது 2.5 யூனிட். இந்த இரண்டு எண்களையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். வெயிலை நேரடியாக உள்ளே வாங்கித் தண்ணீரிலும் மண்ணிலும் தேக்க வேண்டும். மின்சாரத்தை விசிறிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதை வளர்ப்பது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். உறைபனியைத் தாங்கும் கீரைகளுக்கு இந்த வழி போதும். மிளகாய், கத்தரி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் குளிர்காலம் முழுவதும் இதற்குள் வைத்திருக்க முடியாது. அவற்றைத் தொட்டியில் வைத்து ஒக்டோபரில் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

2. டிசம்பர் நிழலைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில், ஒட்டாவாவில் சூரியன் அடிவானத்திலிருந்து 21 பாகை உயரத்துக்கே வருகிறது. அந்த நேரத்தில் 10 மீட்டர் உயரமான மரமொன்றின் நிழல் 26 மீட்டர் நீளும். ஜூன் மாதத்தில் வெயில் கொட்டும் இடம் டிசம்பரில் நாள் முழுவதும் நிழலில் கிடப்பது இங்கு சாதாரணம். இலையுதிர்ந்த மேப்பிள் மரங்கள் மறைக்கா என்று நம்ப வேண்டாம். கிளைகளே கணிசமான ஒளியைத் தடுத்துவிடும். கட்டுவதற்கு முந்திய டிசம்பரில் காலை 10 மணி, நண்பகல், பிற்பகல் 2 மணி ஆகிய மூன்று நேரங்களிலும் அந்த இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குடிலின் நீளப்பக்கம் தெற்கைப் பார்க்க வேண்டும். திசைகாட்டி காட்டும் தெற்கை அப்படியே எடுக்காதீர்கள். இந்தப் பகுதியில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 13 பாகை மேற்கே விலகி நிற்கிறது; ஆகவே திசைகாட்டியின் தெற்கிலிருந்து 13 பாகை மேற்குப் பக்கமாகத் திரும்பினால்தான் உண்மைத் தெற்கு கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு கழியை நேராக நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் கணத்தில் அது விழும் கோட்டைக் குறியுங்கள். அதுதான் வடக்கு தெற்குக் கோடு.

3. காகித வேலை முடியும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்

இந்தப் பகுதியை ஆறுதலாகப் படியுங்கள். பணத்தை விட அதிகமாகக் காலத்தை நாங்கள் இழந்தது இங்கேதான்.

முதலில் உங்கள் காணியின் நில அளவைப் படத்தைத் தேடி எடுங்கள். வீடு வாங்கியபோது வழக்கறிஞர் தந்த கோப்பில் அது பெரும்பாலும் இருக்கும். அதில் ஒரு பிரதி எடுத்து, குடிலையும், தரையில் தனியாக நிற்கப்போகும் சூரியத் தகட்டுச் சட்டத்தையும் அளவோடு வரைந்து, எல்லைகளிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். கிணறும் மலக்கழிவுத் தொட்டியும் அதன் வடிகால் படுக்கையும் அதில் இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து 1.5 மீட்டரும், வடிகால் குழாய்களிலிருந்து 5 மீட்டரும் கட்டடம் விலகி நிற்க வேண்டும் என்பது மாகாணக் கட்டட விதி. கிராமப்புறத்தில் நல்ல வெயில் விழும் திறந்த வெளி பல வேளைகளில் இந்த வடிகால் படுக்கையாகவே இருக்கிறது. அதன்மேல் கண் வைக்காதீர்கள்.

அந்த வரைபடத்தோடு நகரசபையின் கட்டடப் பிரிவுக்குப் போய், உங்கள் காணியின் வலய விதிகளில் துணைக் கட்டடங்களுக்கான எல்லைத் தூரம், உயரம், மொத்தப் பரப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுங்கள். விதியை மீறும் அளவில் கட்ட வேண்டியிருந்தால் தனியாக விலக்குக் கேட்கலாம். அதன் கட்டணம் பல இடங்களில் ஆயிரம் டொலரைத் தாண்டுவதோடு மாதக்கணக்கில் காலமும் எடுக்கும். ஆகவே குடிலை இரண்டு அடி நகர்த்தி விதிக்குள் அடக்குவதே புத்தி.

இப்போது பெரும்பாலானோர் விழும் பள்ளம். “15 சதுர மீட்டர் வரை அனுமதி தேவையில்லை” என்று அயலவர்கள் சொல்வார்கள். அந்த விலக்கு, பொருட்களைச் சேமிப்பதற்கு மட்டும் பயன்படும், ஒற்றை மாடியுள்ள, நீர்க்குழாய் வேலை இல்லாத தனிக் கொட்டில்களுக்கு உரியது. செடி வளர்க்கும் குடிலுக்கு அது பொருந்தும் என்று நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள். 10 சதுர மீட்டரைத் தாண்டினால் அனுமதி வேண்டும் என்பதே பொது விதி. எங்களுடையது 22 சதுர மீட்டருக்கு மேல். நாங்கள் அயலவர் சொல்லைக் கேட்டுக் கிடங்கு வெட்டத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் பரிசோதகர் வந்து நின்றார். வேலை நின்றது, கட்டணம் இரட்டிப்பானது, அந்தக் கோடை கைவிட்டுப் போனது.

அனுமதி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டியவை: மாகாணத்தின் பொது விண்ணப்பப் படிவம், வரைந்தவர் யார் என்பதைச் சொல்லும் இணைப்புப் படிவம், இட வரைபடம், அத்திவாரத்தின் குறுக்குவெட்டு, சட்டகத்தின் வரைபடம், பனிச்சுமைக் கணக்கு. சொந்த வீட்டுக் காணியில் கட்டுபவர் வரைபடங்களைத் தானே வரைந்து கொடுக்கலாம். வீட்டைச் சார்ந்த, 55 சதுர மீட்டருக்கு மேற்படாத தனிக் கட்டடம் என்றால், முழுமையான விண்ணப்பம் கிடைத்து 10 வேலைநாட்களுக்குள் நகரசபை முடிவு சொல்ல வேண்டும். “முழுமையான” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அந்த 10 நாட்கள் தொடங்குவதேயில்லை. எங்கள் விண்ணப்பம் பனிச்சுமைக் கணக்கு இல்லாததால் ஐந்து வாரம் கிடந்தது.

காணி ஆற்றுக்கோ சதுப்புக்கோ அருகில் இருந்தால் அப்பகுதியின் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். ஒட்டாவாவைச் சுற்றி ரிடோ வலி (Rideau Valley), மிசிசிப்பி வலி (Mississippi Valley), சவுத் நேஷன் (South Nation) என்று மூன்று சபைகள் உள்ளன. உங்கள் காணி யாருடைய எல்லைக்குள் வருகிறது என்பதை நகரசபையே சொல்லும்.

தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ ஒன் கோல் சேவைக்கு அறிவித்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறிக்கச் சொல்வது சட்டப்படி கட்டாயம். அது இலவசம். குறைந்தது 5 வேலைநாட்களுக்கு முன் அறிவியுங்கள். கோடையில் அதைவிடக் காத்திருக்க நேரலாம். அவர்கள் குறிப்பது நிறுவனங்களுக்குச் சொந்தமான கம்பிகளை மட்டுமே. வீட்டிலிருந்து கராஜுக்கோ கிணற்றுக்கோ முந்திய உரிமையாளர் புதைத்த கம்பியை அவர்கள் குறிக்கமாட்டார்கள். அதற்குத் தனியார் ஒருவரைப் பணம் கொடுத்து அழைக்க வேண்டும்.

வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் இப்போதே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விறகு அடுப்பு வைக்கப் போவதாக இருந்தால், விறகு அடுப்புகளைப் பரிசோதிப்பதற்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கையைக் காப்புறுதிக்காரர் பெரும்பாலும் கேட்பார். நாங்கள் அடுப்பே வேண்டாம் என்று விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

4. அத்திவாரம்: உறையும் களிமண்ணோடு போராடாதீர்கள்

ஒட்டாவாவைச் சுற்றிப் பல இடங்களில் தரைக்குக் கீழே இருப்பது லீடா களிமண். நீரை நிறையப் பிடித்து வைப்பது, குலைந்தால் வலுவை இழப்பது. குளிரில் மண் உறைந்து மேலே எழும்பும்போது ஆழமில்லாத தூண்களையும் தூக்கிவிடும். ஒரு மூலை இரண்டு சென்றிமீட்டர் எழுந்தாலே கதவு மூடாது, தாள்கள் நெளியும். சூடாக்காத கட்டடங்களுக்கு இங்கு 1.8 மீட்டர் வரை ஆழம் கேட்கிறார்கள். நாங்கள் எட்டு இரும்புத் திருகுத் தூண்களைப் போட்டோம். ஒரே நாளில் வேலை முடிந்தது, கொங்கிறீற் லொறி தேவைப்படவில்லை. தூண் போடுபவரிடம் பொறியியலாளரின் சுமை அறிக்கையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பரிசோதகர் அதைக் கேட்பார்.

குடிலின் விளிம்பைச் சுற்றி 10 சென்றிமீட்டர் தடிப்புள்ள கடின நுரைப்பலகையை 60 சென்றிமீட்டர் ஆழத்துக்கு நிறுத்தி, அதன் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இன்னும் 60 சென்றிமீட்டர் கிடையாகப் பரப்பினோம். உள்ளே இருக்கும் மண் வெளியே உறையும் மண்ணோடு சேராமல் இருக்க இதுதான் வழி. பலகையைக் கம்பிவலையால் மூடுங்கள். எலிகள் அதற்குள் ஒரே இலையுதிர் காலத்தில் வீடு கட்டிவிடும்.

லொறிகளை எப்போது அழைப்பது என்பதையும் பாருங்கள். மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை, சில இடங்களில் மே வரையும், பனி இளகும் காலத்தில் கிராமப்புற வீதிகளில் பாரக் கட்டுப்பாடு உண்டு. முழுச் சுமைக் கற்களோ கொங்கிறீற்றோ அந்த நாட்களில் வராது.

5. சட்டகமும் பொலிகார்பனேட்டும்

ஒட்டாவாவுக்கு விதியில் குறித்துள்ள தரைப் பனிச்சுமை 2.4 கிலோபாஸ்கல். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 245 கிலோ. கூரைக்கு இதைவிடக் குறைந்த எண்ணே கணக்கில் வரும் என்றாலும், மலிவாக விற்கும் அலுமினியக் குடில் பெட்டிகளில் பல இதற்கு அருகிலும் வருவதில்லை. பெட்டியில் சுமை எண் எழுதியிருக்கவில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

தெற்குப் பக்கத்தை நிலத்திலிருந்து 60 முதல் 65 பாகை சரிவில் வையுங்கள். தாழ்ந்த குளிர்கால வெயில் நேராக உள்ளே புகும், பனியும் தங்காமல் வழுக்கி விழும். விழுந்த பனி அடியில் குவிந்து மீண்டும் ஒளியை மறைக்கும் என்பதால், முன்பக்கம் ஒருவர் நின்று வாரும் அளவுக்கு இடம் விடுங்கள். வடக்குச் சுவரையும் வடக்குக் கூரையையும் முழுவதும் மூடி, 15 சென்றிமீட்டர் நுரைப்பலகை வைத்து, உட்பக்கம் வெள்ளை பூசிய ஒட்டுப்பலகையால் மறைத்தோம். கண்ணாடி நார்ப் பஞ்சைப் போடாதீர்கள். குடிலின் ஈரத்தில் அது ஒரு குளிர்காலத்திலேயே நனைந்து பயனற்றுப் போகும்.

பொலிகார்பனேட்டைப் பூட்டும்போது மூன்று விடயங்கள். புற ஊதாக் காப்பு உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும்; தாளின் மேலுள்ள அச்சைப் பார்த்தபின்பே அதன் மூடுதாளை உரியுங்கள். தாளின் அடுக்குகளுக்கிடையே உள்ள வெற்று அறைகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், மேல் விளிம்பை அலுமினிய நாடாவாலும் கீழ் விளிம்பைக் காற்றுவிடும் நாடாவாலும் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். மூன்றாவதுதான் எங்களைக் கடித்தது. 3 மீட்டர் நீளமான தாள் 60 பாகை வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. ஓகஸ்ட் வெயிலில், திருகாணியின் அளவுக்கே துளை போட்டு, இறுக்கிப் பூட்டினோம். ஜனவரியில் ஓர் இரவு, தோட்டத்துப் பக்கமிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம், சில நிமிடம் கழித்து இன்னொன்று. காலையில் போய்ப் பார்த்தால், நான்கு தாள்களில் ஒவ்வொரு திருகாணியிலிருந்தும் நட்சத்திரம் போல வெடிப்புகள் ஓடியிருந்தன. துளையைத் திருகாணியை விடக் குறைந்தது 6 மில்லிமீட்டர் அகலமாகப் போடுங்கள், அகன்ற ரப்பர் வளையம் வையுங்கள், கையால் மெல்ல அசைக்கும்போது தாள் நகரும் அளவுக்கே இறுக்குங்கள்.

6. பீப்பாய்களும் நிலத்தடிக் குழாய்களும்

உணவுப் பொருள் வந்த 200 லீட்டர் பீப்பாய்களையே வாங்குங்கள். இரசாயனம் வந்தவை வேண்டாம். கறுப்பு பூசி, டிசம்பர் வெயில் நேரடியாக விழும் இடத்தில் வடக்குச் சுவரோரம் இரண்டு அடுக்காக வையுங்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும் என்பதால் பத்தில் ஒரு பங்கு வெறுமையாக விடுங்கள். நிரப்பிய ஒவ்வொரு பீப்பாயும் ஏறக்குறைய 200 கிலோ. ஆகவே அவற்றின் கீழ் நிலத்தை முன்கூட்டியே கற்போட்டு இறுக்க வேண்டும். நிரப்பிய பின் நகர்த்த முடியாது.

தரைக்குக் கீழே 60 முதல் 90 சென்றிமீட்டர் ஆழத்தில் துளையிட்ட நாலங்குல வடிகால் குழாய்களைப் புதைத்து, கூரை உச்சியில் தேங்கும் சூடான ஈரக்காற்றை ஒரு சிறு விசிறியால் அவற்றுக்குள் தள்ளுகிறோம். அந்தக் காற்றின் ஈரம் குளிர்ந்த மண்ணில் படிந்து நீராகும்போது நிறைய வெப்பத்தை மண்ணுக்குக் கொடுக்கிறது. உச்சியில் 24 பாகையைத் தாண்டினால் விசிறி ஓடத் தொடங்கும்படி வைத்திருக்கிறோம். குழாய்களைச் சட்டகம் எழுப்புமுன் புதையுங்கள். பிறகு இயந்திரம் உள்ளே வராது.

7. மின்சாரம்

முதலில் தேவையை எழுதுங்கள். எங்களுடையது: இரண்டு 30 வாட் விசிறிகள் நாளுக்கு 6 மணிநேரம், 360 வாட் மணி, கட்டுப்பாட்டுக் கருவிகளும் வெப்பமானிகளும் நாள் முழுவதும், 120 வாட் மணி, சிறு நீர்ப்பம்பியும் ஒரு விளக்கும், 100க்குச் சற்று மேல். மொத்தம் ஏறக்குறைய 600. வெயில் இல்லாத மூன்று நாட்களைத் தாங்க 1.8 யூனிட் வேண்டும். 24 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி போதுமானது. தகடுகள் 430 வாட் போதும் என்று கணக்குச் சொன்னாலும், மேகம் விடாத நவம்பர் டிசம்பரை நினைத்து 800 வாட் போட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

தகடுகளைக் கூரையில் வைக்காதீர்கள். தரையில் தனிச் சட்டம் அமைத்து, 70 பாகை நிமிர்த்தி, கீழ் விளிம்பு நிலத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். பனி தானாகவே விழும். தரைப்பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கிடைக்கும்.

குளிரில் தகட்டின் மின்னழுத்தம் கூடும். தகட்டின் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட் எண் 25 பாகைக்கு உரியது. வெப்பம் ஒரு பாகை குறையும்போது அது ஏறக்குறைய 0.3 சதவீதம் ஏறுகிறது. எங்கள் தகடுகள் 49 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 98, கொன்ட்ரோலரின் எல்லை 100 என்பதால் பொருந்துகிறது என்று நினைத்தோம். முதல் மைனஸ் 28 பாகைக் காலையில் சூரியன் எழுந்த சில நிமிடங்களில் அந்த 98, 112ஐத் தாண்டிவிட்டது. நான் போனபோது பச்சை விளக்கு அணைந்திருந்தது, பெட்டியைத் திறந்ததும் எரிந்த வாடை வந்தது. எல்லை மீறிய மின்னழுத்தத்தைக் கருவி தன் நினைவில் பதிந்து வைத்திருந்ததால் உத்தரவாதமும் கிடைக்கவில்லை. தகட்டு வோல்ட்களைக் கூட்டி 1.2ஆல் பெருக்குங்கள், அந்த எண்ணைத் தாங்கும் கொன்ட்ரோலரையே வாங்குங்கள். இப்போது 150 வோல்ட் தாங்கும் ஒன்று ஓடுகிறது.

இவ்வகைப் பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கி, நுரைப்பலகைப் பெட்டிக்குள் வைத்து, பீப்பாய்களை ஒட்டினாற்போல நிறுத்துங்கள். எங்கள் பெட்டிக்குள் இதுவரை 2 பாகைக்குக் கீழே போகவில்லை. பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். துண்டிப்பான்கள் நேரோட்ட (DC) மின்சாரத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கான துண்டிப்பானால் நேரோட்டப் பொறியை அணைக்க முடியாது, தீப்பிடிக்கும்.

மின்கம்பத்தோடு இணைக்காததால் அனுமதி வேண்டாம் என்பதும் தவறான எண்ணம். ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகார சபைக்கு இந்த வேலையையும் அறிவிக்க வேண்டும். வேலை தொடங்குமுன்னோ, தொடங்கி 48 மணிநேரத்துக்குள்ளோ. சொந்த வீட்டில் சொந்தக்காரர் தானே வேலை செய்யலாம், ஆனால் பரிசோதனை உண்டு. பணம் கொடுத்துச் செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைத் தவிர வேறொருவரை அமர்த்த முடியாது. அவருடைய உரிம எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். கருவிகளில் சீ.எஸ்.ஏ. போன்ற கனடாவில் ஏற்கப்பட்ட முத்திரை இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் ஐரோப்பிய முத்திரை மட்டும் இருக்கும். பரிசோதகர் அதை ஏற்கமாட்டார். வாங்குமுன் முத்திரையின் படத்தை அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள்.

8. காற்றோட்டமும் அவசரச் சூடும்

பெப்ரவரி இறுதியில் வெளியே மைனஸ் 10 இருக்கும் தெளிந்த நாளில், மூடிய குடிலுக்குள் 35 பாகை வந்துவிடும். தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் திறக்கும் சாளரங்கள் வேண்டும். மெழுகு உருகித் தள்ளும் தானியங்கித் திறப்பான்களைப் போடுங்கள்; அவற்றுக்கு மின்சாரமே வேண்டாம்.

ஒரு வாரம் தொடர்ந்து மேகம் மூடினால் பீப்பாய்களும் குளிர்ந்துவிடும். அப்போது செடிகளின்மேல் வளைகம்பி நிறுத்தி இரண்டாவது துணி போர்த்துகிறோம். குடிலுக்குள் மைனஸ் 4 காட்டிய இரவில், துணிக்குள் இலை மட்டத்தில் வைத்த வெப்பமானி 0 காட்டியது. புகைபோக்கி இல்லாத புரொப்பேன் சூடாக்கியை நம்பாதீர்கள். அது ஈரத்தைக் கூட்டும், அதிலிருந்து வரும் எதிலீன் வாயு இலைகளைக் கெடுக்கும், மூடிய இடத்தில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உயிரையும் எடுக்கும். எதை எரித்தாலும் பற்றரியில் ஓடும் காபனோரொட்சைட்டு அபாய மணி உள்ளே இருக்க வேண்டும்.

9. செலவு

எங்கள் கணக்கு, கனடிய டொலரில்: பொலிகார்பனேட் 3,900, மரம் 3,200, அத்திவாரம் 2,600, நுரைப்பலகை 1,700, பற்றரி 900, தகடுகள் 620, விசிறிகளும் குழாய்களும் 520, கம்பி, துண்டிப்பான், பெட்டி 450, பீப்பாய்கள் 450, கட்டட அனுமதி 300, கொன்ட்ரோலர் 280, மின் பரிசோதனை 210. கூட்டினால் 15,130. பொருட்களுக்கு 13 சதவீத விற்பனை வரி (எச்.எஸ்.டி.) தனி. கூலி இதில் இல்லை. மரவேலை முழுவதையும் நாங்கள் இருவரும் நண்பர்களுமாகச் செய்தோம். வெடித்த தாள்கள், எரிந்த கொன்ட்ரோலர், இரட்டிப்பான கட்டணம் என்று வீணானதையும் இதில் சேர்க்கவில்லை. அது 1,400 டொலருக்கு மேல். மின்சாரப் பகுதி முழுவதும் 2,500 டொலருக்குள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் தகடுகளை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். தடிப்பான தாளிலும் நுரைப்பலகையிலும் குறைக்காதீர்கள்.

10. நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணுங்கள்

இங்கு நவம்பர் முதல் வாரத்திலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை பகல் 10 மணிநேரத்துக்கும் குறைவு. அந்த நாட்களில், குடில் எவ்வளவு இதமாக இருந்தாலும், செடிகள் ஏறக்குறைய வளர்வதேயில்லை. நாங்கள் குடிலை நவம்பர் 10ஆம் தேதி கட்டி முடித்த மகிழ்ச்சியில் அன்றே விதைத்தோம். முளைத்தவை இரண்டு இலையோடு மூன்று மாதம் அப்படியே நின்றன. குளிர்காலத்தில் பறிக்க வேண்டிய செடி, நவம்பர் தொடங்கும்போதே முக்கால் பங்கு வளர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே ஓகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவுக்குள் விதைக்க வேண்டும். அதற்கு ஓகஸ்ட் முடிவில் தாள்கள் பூட்டியிருக்க வேண்டும். அதற்கு ஜூன், ஜூலையில் சட்டகம் எழ வேண்டும். மே மாதத்தில் தூண்களும் குழாய்களும். ஏப்ரல் முடிவில் ஒன் கோல் அறிவிப்பு. மார்ச்சில் முழுமையான அனுமதி விண்ணப்பம். பெப்ரவரியில் வரைபடங்களும் வலய விசாரணையும். அதற்கு முந்திய டிசம்பரில் நிழற்படங்கள். மின்வேலையும் அதன் பரிசோதனையும் செப்டெம்பரில் நடக்கலாம்.

முதலில் ஸ்பினாச்சை ஓகஸ்ட் கடைசி வாரத்திலும், கொத்தமல்லியையும் கடுகுக்கீரையையும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் போடுங்கள். வெந்தயத்தை வைத்திருந்து, பெப்ரவரி கடைசியில், பீப்பாய்களுக்கு மிக அருகில் உள்ள பாத்தியில் விதையுங்கள். மார்ச் மாத வெயிலில் அது வேகமாக எழும்.